களியக்காவிளையைத் தினமும் கடக்கும் ஆசிரியைக்கு

வக்கீலான எனக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று ஆறு பக்கம். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். மூன்றாம் பக்கத்தில் நீல மை தீர்ந்து, மிச்சமெல்லாம் சிவப்பு மையில் தொடர்கிறது. விடைத்தாள் திருத்தும் பேனாவாக இருக்க வேண்டும். எழுதியவரின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 29. விளவங்கோடு தாலுகாவில் திருச்சபை நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. அண்ணன் பங்குப் பேரவையில் பொறுப்பில் இருக்கிறார். இவரும் ஞாயிறுதோறும் சிறுவர்களுக்கு மறைக்கல்வி எடுத்துவந்தவர். இரண்டு ஆண்டுகளாகக் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலை அருகே ஒரு வாடகை வீட்டில் இன்னொரு பெண்ணோடு வாழ்கிறார். அவருக்கு வயது 31. திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை. மலையாளம் பேசும் முஸ்லிம் குடும்பம். காலையில் ஒருவர் வடக்கே ரயில் ஏறுகிறார், மற்றவர் களியக்காவிளைக்கு பஸ் ஏறுகிறார். வீட்டு உரிமையாளரிடம் ஒன்றாகப் படித்தவர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு எழுதும்போது மட்டும் "அவள்தான் என் வாழ்க்கைத் துணை" என்று எழுதியிருக்கிறார்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் விஷயம் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. ஈஸ்டருக்குள் முடிவு சொல்லாவிட்டால் ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது என்கிறார் அப்பா. இது குற்றம், போலீஸ் வரும் என்கிறார் அண்ணன். ஒரு தியான மையத்தில் 40 நாள் தங்கவைத்து, பிறகு ஒரு டாக்டரிடம் காட்டினால் "சரியாகிவிடும்" என்றும் ஏற்பாடு நடக்கிறது. பங்குத்தந்தை மறைக்கல்வி வகுப்பிலிருந்து இவரை விலக்கிவிட்டார். இதற்கிடையில், 18,000 ரூபாய் கொடுத்தால் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்தோடு திருமணச் சான்றிதழ் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். இருவரும் இந்து மதத்துக்கு மாறி ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்டால் பதிவு செய்துவிடலாம் என்று உடன் வேலைபார்க்கும் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை ஊர்க்காரர் யாரிடமாவது கருவாடும் மரச்சீனி வற்றலும் கொடுத்துவிடுவார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு வந்த பொட்டலம் இரண்டாகக் கட்டியிருந்ததாம்.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "நான் பாவியா குற்றவாளியா என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இரண்டாம் பாதிக்கு ஒரு வரியில் பதில் சொல்கிறேன்: நீங்கள் குற்றவாளி இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயது வந்த இருவர் மனமொத்துத் தனிமையில் வாழும் உறவுக்குத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு பொருந்தாது என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தது. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. அண்ணன் போலீஸ் என்று சொல்லும்போது நடுங்க வேண்டாம்.

ஆனால் குற்றமில்லை என்பதால் திருமணம் செல்லும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது தவறு.

திருமணம்: இன்றைய நிலை

தன்பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று கேட்டு நாட்டின் பல பகுதிகளிலிருந்து வழக்குகள் வந்தன. கேரளத்தைச் சேர்ந்த இரு ஆண்கள் 2020-லேயே எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத்தை அணுகியிருந்தார்கள். எல்லா வழக்குகளையும் சேர்த்து உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலிலும் மே மாதத்திலும் பத்து நாள் விசாரித்தது. 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் மாற்றி எழுத முடியாது. அது நாடாளுமன்றத்தின் வேலை. இந்த அளவில் ஐந்து பேரும் ஒன்றாகவே சொன்னார்கள். திருமணம் என்ற பெயரில்லாமல் ஒரு சட்டப்பூர்வ இணைவையாவது அரசு அங்கீகரிக்க வேண்டுமா என்ற கேள்வியில் மூவர் மறுத்தார்கள், இருவர் ஆதரித்தார்கள். மறுசீராய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடியாயின.

ஆகவே இன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் எந்தச் சார்பதிவாளரும் உங்கள் திருமணத்தைப் பதிவு செய்ய முடியாது. ஏஜென்ட் தருவதாகச் சொல்வது ஓர் ஒப்பந்தத் தாள். நோட்டரி முத்திரை குத்தினால் அது திருமணம் ஆகிவிடாது. ஆண் பெண் தம்பதிகளுக்கே ஆகாது. அந்த 18,000 ரூபாயை பேங்கிலேயே வைத்திருங்கள்.

மதம் மாறும் யோசனையும் அப்படித்தான். இந்துத் திருமணச் சட்டமும் மணமகன், மணமகள் என்றே பேசுகிறது. மாறினால் கிடைப்பது திருமணப் பதிவு அல்ல. உங்கள் இருவருக்கும் பொருந்தும் வாரிசுச் சட்டம் மாறிப்போகும், இரு குடும்பங்களிலும் இன்னும் ஒரு தீ மூளும். நம்பிக்கை மாறி மதம் மாறுகிறவரை நான் மதிக்கிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் இன்றும் செபமாலை சொல்லிவிட்டுத்தான் தூங்குகிறீர்கள். ஒரு சான்றிதழுக்காக அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. திருநர் ஒருவர் ஆண் பெண் உறவில் இருந்தால், இப்போதுள்ள சட்டங்களின்கீழே திருமணம் செய்துகொள்ளலாம் என்று அதே 2023 தீர்ப்பு சொல்கிறது. அதைக் காட்டி உங்கள் இருவரில் ஒருவரை ஆணாகப் பதிவு செய்துகொள்ளச் சொல்லி யாராவது வருவார்கள். உண்மை அதுவானால் அது அவருடைய வழி. உண்மை அதுவல்ல என்றால், அரசு ஆவணத்தில் பொய் சொல்லி ஒரு வாழ்க்கையைத் தொடங்க வேண்டாம்.

அந்தத் தீர்ப்பில் உங்களுக்கு உதவும் பகுதி ஒன்று உண்டு. செய்திகளில் அது அதிகம் வரவில்லை. திருமண உரிமையை மறுத்த நீதிபதிகளும்கூட, துணையைத் தேர்ந்தெடுப்பதும் சேர்ந்து வாழ்வதும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்குள் வரும் உரிமை என்றும், அதற்கு ஆபத்து வந்தால் பாதுகாப்புத் தரப்பட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வாடகை வீடு சட்டத்தின் நிழலில்தான் இருக்கிறது.

பங்குத்தந்தையின் அச்சமும் அண்ணனின் அச்சமும்

இருவரையும் உங்களுக்கு எதிரிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயந்திருக்கிறார்கள். அவர்கள் பயத்தில் ஒரு பங்கு நியாயமானது; அதை முதலில் கேட்டுக்கொள்வோம்.

தேவாலயத்திலேயே இத்தகைய திருமணத்தை நடத்தும்படி நாளை கட்டாயப்படுத்துவார்கள் என்பது முதல் பயம். 2023 வழக்கில் கேட்கப்பட்டது சிறப்புத் திருமணச் சட்டத்தைப் பற்றி மட்டும். கிறித்தவத் திருமணச் சட்டம், முஸ்லிம் தனிநபர் சட்டம் எதையும் தொடப்போவதில்லை என்று விசாரணையின் தொடக்கத்திலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறப்புத் திருமணத்தில் குருவானவர் இல்லை, மௌலவி இல்லை, ஐயர் இல்லை. திருமண அலுவலர் முன்னால் மூன்று சாட்சிகளோடு கையெழுத்துப் போடுவதுதான் சடங்கு. நம் பங்கில் மூன்று ஞாயிறு திருமண ஓலை வாசிப்பதைப்போல அங்கே 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள், அவ்வளவுதான். மதம் கடந்து திருமணம் செய்தவர்கள் இந்தச் சட்டத்தில் 70 ஆண்டுகளாகப் பதிவு செய்கிறார்கள். அதற்காக எந்தக் குருவானவரும் எந்தத் திருமணத்தையும் நடத்தியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அதே அளவுகோல் உங்களுக்கும் உண்டு, தங்கை. திருச்சபை உங்களுக்கு மறைக்கல்வி வகுப்பைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டு நீங்கள் நீதிமன்றம் போக முடியாது. போனாலும் நான் அந்த வழக்கை எடுக்க மாட்டேன். மத விஷயங்களில் தன் காரியங்களைத் தானே நடத்தும் உரிமையை 26-ஆவது பிரிவு ஒவ்வொரு மதப் பிரிவுக்கும் தருகிறது. 1962-இல் முஸ்லிம்களில் ஒரு பிரிவான தாவூதி போரா சமூகத்தின் வழக்கில், மதக் காரணத்துக்காக ஒருவரைச் சமூகத்திலிருந்து விலக்கும் தலைவரின் அதிகாரத்தைத் தடுத்த பம்பாய் மாகாணச் சட்டத்தையே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு இன்று பெரிய அமர்வின் மறுபரிசீலனைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்பது வேறு. அதுவரை அது நிற்கிறது. நற்கருணை யாருக்கு, மறைக்கல்வி யார் எடுப்பது என்பதெல்லாம் பீடத்தின் பக்கம் இருக்கும் முடிவுகள். வலிக்கும் என்று தெரியும்.

ஆனால் பங்குத்தந்தையிடம் பேச உங்களுக்கு இடமே இல்லை என்று நினைக்காதீர்கள். அவருடைய திருச்சபையின் மறைக்கல்வி நூலே, 2358-ஆவது பத்தியில், இத்தகைய ஈர்ப்புள்ளவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் எந்த அடையாளமும் கூடாது என்கிறது. உறவைத் தவறு என்றும் அதே நூல் சொல்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் வெளியிட்ட அறிவிப்பு, இத்தகைய இணையர் ஆசி கேட்டு வந்தால், திருமணச் சடங்கின் சாயல் இல்லாமல் குரு ஆசி வழங்கலாம் என்கிறது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்ற போதனையை அது மாற்றவில்லை. இந்த இரண்டையும் நேரில் கேட்டுப் பாருங்கள். வாக்குவாதத்துக்காக வேண்டாம், உங்கள் ஆன்ம வழிகாட்டியிடம் கேட்கும் கேள்வியாகக் கேளுங்கள்.

அண்ணனின் பயம் இன்னும் ஆழமானது. நாம் சிறுபான்மை, ஒரு கல்லை உருவினால் சுவரே விழும், எல்லா மதத்தினருக்கும் ஒரே குடும்பச் சட்டமான பொது சிவில் சட்டம் வந்துவிடும் என்கிறார். இந்த நாட்டின் செய்தித்தாளைத் தினமும் படிக்கிற எந்தக் கிறித்தவரும் முஸ்லிமும் அந்தப் பயத்தைக் கேலி செய்ய மாட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்து மனுச் செய்தவர்களில் ஜமியத் உலமா-இ-ஹிந்த் என்ற முஸ்லிம் அமைப்பும் உண்டு. அதே வழக்கில் மத்திய அரசும் கடுமையாக எதிர்த்தது. அதாவது, சிறுபான்மையினரை ஒடுக்கப்போகிறது என்று அண்ணன் யாரைப் பார்த்துப் பயப்படுகிறாரோ அவர்களும் அண்ணனும் இந்த வழக்கில் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். பொது சிவில் சட்டம் 2025 ஜனவரி 27 முதல் உத்தராகண்டில் நடப்பில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும். சேர்ந்து வாழ்வதைப் பதிவு செய்யும் ஏற்பாடும் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும். உங்கள் திருமணம் பொது சிவில் சட்டத்துக்குக் கதவு திறக்கும் என்பது நடந்த கதையோடு ஒட்டவில்லை.

எனக்குத் தெரிந்த பழைய கதை ஒன்றை அண்ணனுக்குச் சொல்லுங்கள். திருவிதாங்கூர் கிறித்தவ வாரிசுச் சட்டம் என்று 1916-இல் ஒன்று இருந்தது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. என் அம்மாவுக்கு அந்த 5,000-மும் வரவில்லை. கல்யாணத்தில் கொடுத்த ஸ்திரீதனத்திலேயே கணக்குத் தீர்ந்தது என்று மாமாக்கள் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவின் கையெழுத்து வரியை விட்டுக் கீழே இறங்கியிருக்கும். கோட்டயத்து மேரி ராய் இந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனபோது, சமூகத்தின் கட்டுக்கோப்பு போய்விடும், சகோதர பாசம் அறுந்துவிடும், வெளியாருக்கு நம்மைக் காட்டிக்கொடுக்கிறாள் என்று எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பேசினார்கள். 1986-இல் அவர் வென்றார். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951-லிருந்தே பொருந்தும் என்றார்கள் நீதிபதிகள். அதனால் எந்தத் தேவாலயமும் மூடப்படவில்லை. நான் வக்கீல் படிப்பை முடித்த காலம் அது. அந்தத் தீர்ப்பு நகலை அம்மாவுக்கு மொழிபெயர்த்து வாசித்தது நான்தான்.

சட்டத்தின் எழுத்தையும் பாருங்கள். 25-ஆவது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை "எல்லா நபர்களுக்கும்" சமமாகத் தருகிறது. சமூகத்துக்கு என்று அது தொடங்கவில்லை. 26 மதப் பிரிவுகளுக்கு. 30 சிறுபான்மையினர் கல்வி நிலையம் நடத்த. வயது வந்த மகளை வீட்டில் பூட்டிவைக்கும் உரிமை இந்த மூன்றிலும் இல்லை. அண்ணன் நம்பிக்கையோடு வாழக் காவல் நிற்கும் அதே 25-ஆவது பிரிவு அண்ணனுடைய தங்கைக்கும் காவல் நிற்கிறது. சமூகம் சிறியது என்பதால் அதற்குள் இருக்கும் ஒருத்தியின் உரிமை குறைந்துபோவதில்லை. இதை நான் வக்கீலாக மட்டும் சொல்லவில்லை, இந்த மண்ணின் கிறித்தவளாகவும் சொல்கிறேன்.

பள்ளி வேலை

இதைப் பற்றி நீங்கள் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் அதிகக் கவலை. 30-ஆவது பிரிவு நிர்வாகத்துக்குப் பெரிய சுதந்திரம் தருகிறது. ஆனால் நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று கேரளக் கல்வி மசோதா பற்றிய 1958-ஆம் ஆண்டுக் கருத்துரையிலிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லிவருகிறது. 2006-இல் ஒரு மலங்கரா கத்தோலிக்கக் கல்லூரியின் வழக்கில், இந்த உரிமை பெரும்பான்மையோடு சமநிலை தருவதற்குத்தான், பொதுச் சட்டங்களுக்கு மேலே வைப்பதற்கு அல்ல என்றது. மறுபக்கமும் சொல்ல வேண்டும்: தனியார் நிர்வாகம் ஒருவரின் பாலீர்ப்பைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டக் கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. வழக்குப் போட்டால் வாதிட இடமிருக்கிறது; ஆண்டுகள் ஆகும்.

ஆகவே கவனமாக இருங்கள். அழைத்துப் பேசினால் தனியாகப் போகாதீர்கள். "நீயாகவே எழுதிக் கொடுத்துவிடு, பேர் கெடாமல் போகலாம்" என்று கனிவாகத்தான் கேட்பார்கள். ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். தேதி போடாத தாளில், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எதைக் கேட்டாலும் எழுத்தில் தாருங்கள், எழுத்தில் பதில் தருகிறேன் என்று சொல்லுங்கள். நீங்களாக ராஜினாமா செய்துவிட்டால் என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு.

தியான மையம், டாக்டர், காணவில்லை புகார்

சொந்த விருப்பத்தில் தியானத்துக்குப் போவது செபம். விருப்பத்துக்கு எதிராக 40 நாள் நிறுத்திவைப்பது சட்டவிரோதச் சிறைவைப்பு; வைப்பது அப்பாவாக இருந்தாலும். டாக்டர் விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவு. சமூகத்தின் ஒழுக்க, மத நம்பிக்கைகளோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதைக் கொண்டு அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு சொல்கிறது. 1990-லேயே உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. "மாற்றும் சிகிச்சை" தருவது மருத்துவருக்குத் தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. இது சென்னை உயர் நீதிமன்றத்தின் தொடர் உத்தரவுகளால் நடந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு ஒரு உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுவிட்டு 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். எனக்கும் அப்போதுதான் பல விஷயங்கள் புரிந்தன.

அந்த உத்தரவின் முதல் வழிகாட்டுதல் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். காணவில்லை என்று புகார் வந்து, விசாரணையில் இருவரும் வயது வந்தவர்கள், மனமொத்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தால், அவர்களின் வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டு, தொல்லை தராமல் போலீஸ் புகாரை முடிக்க வேண்டும். உங்கள் அண்ணன் முதலில் செய்யப்போவது அந்தப் புகாராகத்தான் இருக்கும். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். வயது, முகவரி, சொந்த விருப்பத்தில் வாழ்கிறேன் என்ற ஒரு பக்கக் கடிதத்தை ஆதார் நகலோடு இரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களுக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எல்லையில் வாழ்வதால் இரண்டு மாநிலங்களுக்கும் அனுப்புவது கட்டாயம்; இங்கே புகார், அங்கே வீடு என்று இழுத்தடிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மீறித் தூக்கிக்கொண்டு போய்விட்டால், உங்கள் துணை ஆட்கொணர்வு மனு போடலாம். இரத்த உறவு இல்லை என்று யாரும் தள்ள முடியாது. 2022 மே மாதக் கடைசியில் கேரள உயர் நீதிமன்றம் பிரிக்கப்பட்ட இரு இளம்பெண்களைச் சேர்ந்து வாழ அனுப்பியது. இருவருமே முஸ்லிம் குடும்பத்தினர் என்பதை உங்கள் துணையிடம் சொல்லுங்கள். இத்தகைய மனுக்களை எப்படி விசாரிக்க வேண்டும் என்று 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்தது: பெண்ணைத் தனியாக அறையில் சந்தித்துக் கேட்க வேண்டும், உறவின் தன்மையைத் துருவக் கூடாது, ஆலோசனை என்ற பெயரில் மனதை மாற்ற முயலக் கூடாது. 2025 மே 22 அன்று, வேலூர் மாவட்டத்தில் குடும்பம் பிடித்துவைத்த ஒரு பெண்ணைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தபோது, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்று எழுதியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பிடித்துவைத்தால் மனு மதுரைக் கிளைக்கு, கேரளத்தில் என்றால் எர்ணாகுளத்துக்கு.

அடித்தால், மிரட்டினால், குடும்ப வன்முறைச் சட்டத்தில் அப்பா, அண்ணன் மீதே பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அந்தச் சட்டம் மனைவிக்கு மட்டுமானது அல்ல. உதவி எண் 181. பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

எழுதி வைக்க வேண்டியவை

அப்பாவின் மிரட்டல் சட்டப்படி உண்மையானது. கிறித்தவ மகனுக்கோ மகளுக்கோ பிறப்பாலேயே வரும் பங்கு என்று எதுவும் இல்லை. மேரி ராய் வழக்கு சம பங்கு தந்தது அப்பா உயில் எழுதாமல் இறந்தால்தான். தன் ரப்பர் தோட்டத்தை அவர் யாருக்கும் எழுதலாம். அந்த நிலத்தைக் கணக்கில் சேர்க்காமல் உங்கள் வாழ்க்கையைத் திட்டமிடுங்கள்.

உங்களுடையதைப் பாருங்கள். உயில் எழுதாமல் நாளை உங்களுக்கு ஏதாவது ஆனால், பிள்ளைகள் இல்லாத நிலையில், உங்கள் சேமிப்பு முழுவதும் அப்பாவுக்குப் போகும். அப்பா இல்லையென்றால் அம்மாவும் அண்ணனும் பங்கிட்டுக்கொள்வார்கள். உங்கள் துணைக்கு ஒரு ரூபாயும் இல்லை. ஆகவே உயில். இரண்டு சாட்சிகள், முடிந்தால் பதிவு செய்யுங்கள். ஒரு கண்ணி உண்டு: கிறித்தவர் உயில் எழுதிய பிறகு திருமணம் செய்தால் அந்த உயில் தானாகவே ரத்தாகிவிடும். கட்டாயத்தில் ஒரு ஆணுக்குக் கட்டிவைத்தாலும் அப்படித்தான்.

உங்கள் துணைக்குச் சட்டம் வேறு. முஸ்லிம் ஒருவர் வாரிசுகளின் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது. மிச்சத்தைத் தர விரும்பினால் உயிரோடு இருக்கும்போதே, கைவசம் ஒப்படைத்துத் தானமாகத் தரலாம். நிலமாக இருந்தால் பத்திரப் பதிவில் குடும்பத்தாருக்கான முத்திரைத்தாள் சலுகை உங்களுக்குக் கிடைக்காது என்பதையும் செலவில் சேருங்கள்.

கூட்டு பேங்க் கணக்குத் தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாக்கவும் தடையில்லை என்று மத்திய நிதித்துறை 2024 ஆகஸ்டில் தெளிவாக்கியது. அதே காலத்தில் ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதவும் மாநிலங்களுக்கு எழுதினார்கள். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கும் கைதான், உரிமை வாரிசுக்கே. நாமினி போட்டாயிற்று என்று உயிலை விட்டுவிடாதீர்கள். பவர் பத்திரமும் அப்படி. எழுதிக் கொடுத்தவர் நினைவிழந்தாலோ இறந்தாலோ அது செல்லாது. அதனால்தான், நினைவிழந்தால் என்ன சிகிச்சை, யார் முடிவெடுப்பது என்று முன்பே எழுதிவைக்கும் முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் தேவை: இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட் அதிகாரி கையெழுத்து. வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். உங்களைப் போன்ற இணையர் குடும்பச் சேர்க்கைப் பத்திரம் என்று ஒன்றைப் பதிவு செய்ய வழிசெய்யுமாறு 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமிழக அரசுக்கு யோசனை சொன்னார். அது நடைமுறைக்கு வந்தால் முதல் நாளே போய்ப் பதியுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஏஜென்ட் கேட்ட தொகையே ஆகாது.

கடைசியாக, அம்மா. அவரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ஈஸ்டர் கெடு அப்பா வைத்தது, அம்மா வைத்தது அல்ல. அப்பாவுக்கு இப்போது பதில் எழுத வேண்டாம். தபால் ரசீதுகள் கைக்கு வரட்டும். அம்மாவுக்குப் போன் செய்து, இரண்டு பொட்டலமும் வந்து சேர்ந்தது என்று சொல்லுங்கள். பிறகு போனை உங்கள் துணையிடம் கொடுங்கள். கருவாடு நன்றாக இருந்தது என்று அவர் மலையாளத்திலேயே சொல்லட்டும். உங்கள் அம்மாவுக்குப் புரியும்.